திருப்பிப் போட்ட வானம்

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் வானம், நம் தலைக்கு மேல் இருக்கிற அதே வானத்தைத் தோசை மாதிரித் திருப்பிப் போட்டதுதான் என்று நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியது மட்டுமில்லை, அதற்குச் சம்பளமும் வாங்கினேன். மேலதிகாரி ஒருவர் எங்கள் வயர்லெஸ் நிலையத்தைப் பார்வையிட வந்தபோது கான்டீனிலிருந்து ஒரு தோசையை வரவழைத்து, “இது டெல்லி வானம் சார். இப்படித் திருப்பினா தெற்கு சமுத்திரத்து வானம்” என்று செய்து காட்டினேன். அவர் கை தட்டினார். தோசையை நான் சாப்பிட்டேன். அந்தத் தோசை இன்னும் செரிக்கவில்லை.

போன மாதம் மோசஸ் காலடிப்பேட்டையில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். என் கடைசி வருஷங்களில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். காதில் ஓயாத இரைச்சல் என்று டாக்டர்கள் எனக்குச் சீக்கிரமே ஓய்வு கொடுத்துவிட்டதால், ஐம்பதைத் தாண்டியதுமே நான் ‘பெரியவர்’ ஆகிவிட்டேன். எங்கள் ஆபரேட்டர்கள் சங்கத்து மலரில் போடுவதற்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னான். கையில் ஒரு தாளையும் சுருட்டிக்கொண்டு வந்திருந்தான்.

“அண்ணே, இனிமே உங்க தோசை வேலைக்கு ஆவாது. கம்ப்யூட்டர் சார்ட்டுல புது ரகம் வந்துகீது. தெற்குக்குத் தனியாவே போட்டுக் குடுக்குது.”

“முழுசாத் தனியாவா?”

“திருப்பற வேலையே இல்ல. ஊத்தப்பம்னு வெச்சிக்குங்க.”

தாளை விரித்துப் பார்த்தேன். வழவழவென்று வளைந்த கோடுகள். தெற்கு சமுத்திரத்தின் மேல் கோடுகள் இன்னும் அழகாக ஓடின. அந்த அழகு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று மோசஸுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்பதை நாலு வரியில் முடித்துவிடலாம். திருவொற்றியூரில் படித்தேன், கணக்கில் தேறவில்லை, ஆனால் மேசையில் விரலால் தாளம் போட்டதற்கு வாத்தியார்கள் எல்லோரிடமும் அடி வாங்கினேன். அந்தத் தாளத்துக்கு அரசாங்கத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். தந்தி மொழி கற்றுக்கொண்டேன். ராயபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த மாதிரி இருந்த வயர்லெஸ் நிலையத்தில் காதில் ஹெட்போனை மாட்டி உட்கார வைத்தார்கள். கழற்றும்போது தலைமுடி போயிருந்தது.

வேலை இதுதான்: கடலில் போகும் கப்பல்களோடு தந்தி மொழியில் பேசுவது. சரக்கு எப்போது வரும், புயல் எங்கே இருக்கிறது, மாலுமிக்குப் பிள்ளை பிறந்தது, கம்பெனி திவாலானது, எல்லாம் எங்கள் காது வழியாகத்தான் போகும். பக்கத்துக் கப்பல் என்றால் தொல்லை இல்லை. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் கப்பல் என்றால் நம் சமிக்ஞை வானத்தில் முட்டித் திரும்பித்தான் போக வேண்டும். அங்கே உயரத்தில், காற்றே இல்லாத இடத்தில், வெயில் பட்டு மின்சாரம் ஏறிய ஒரு அடுக்கு இருக்கிறது. அது முட்டித் திருப்பினால் பேச்சு. திருப்பாவிட்டால் பேச்சில்லை.

காசிமேட்டுக்காரர்களுக்கு இதை நான் வலையை வைத்து விளக்குவேன். அந்த அடுக்கு ஒரு வலை. வெயில் நன்றாக ஏறியிருந்தால் கண்ணி நெருக்கம், ஏறாவிட்டால் கண்ணி அகலம். நாங்கள் அனுப்பும் அலைகளில் பெரிய மீன் உண்டு, சின்ன மீன் உண்டு. எங்கள் அறையில் அவற்றை நாலு, எட்டு, பன்னெண்டு, பதினாறு என்று பஸ் நம்பர் மாதிரிச் சொல்வோம். நம்பர் ஏற ஏற மீன் சின்னது. சின்ன மீன் வழியில் களைக்காமல் ரொம்ப தூரம் போகும். ஆனால் கண்ணி அகலமாக இருந்தால் வலையைத் தாண்டி ஆகாயத்துக்கே போய்விடும், திரும்பி வராது. அதனால் வலை தாங்குகிற அளவுக்கு எது சின்ன மீனோ அதைப் பார்த்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

இன்றைக்கு வலை எப்படி இருக்கிறது என்று யார் சொல்வது? மாதாமாதம் டெல்லியிலிருந்து ஒரு சார்ட் வரும். காலையில் இந்த நம்பர், மத்தியானம் இந்த நம்பர் என்று அதில் கோடு போட்டிருக்கும். வானத்தை அண்ணாந்து பார்த்து அளக்கும் நிலையங்கள் தரையில் இருந்தன, தரை பெரும்பாலும் வடக்கில் இருந்தது. ஆகவே சார்ட்டும் வடக்குக்குத்தான். தெற்கே போகும் கப்பலுக்கு? அங்கே ஆடி மாதம் குளிர்காலம், நமக்குத் தை மாதம் குளிர்காலம். ஆகவே ஆடி மாதத்துத் தெற்குக்குத் தை மாதத்து வடக்குச் சார்ட்டை எடுத்துத் தலைகீழாகப் பிடி. இதற்கு எழுதிய விதி ஏதும் கிடையாது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், நாங்களும் செய்தோம். அதற்குத் ‘தோசையைத் திருப்புவது’ என்று பெயர் வைத்த புண்ணியவான் நான். அறையிலேயே வேகமாகத் திருப்புகிறவனும் நான்தான்.

எங்கள் மேலாளர் தணிகாசலம் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லியான மனிதர். சட்டைக் கை மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. யாரையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார், கோபம் வந்தால் பெயருக்கு முன்னால் ‘மிஸ்டர்’ சேரும். ஹெட்போனை மாட்டும் முன் ஒரு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இரண்டு காதுப் பக்கத்தையும் துடைப்பார். முன்னால் மாட்டியிருந்தவர் முகத்துக்கு நேராகத் துடைப்பார். அது பெரும்பாலும் நான். மாட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு முதலில் எதையும் எழுதமாட்டார். இரைச்சலைக் கேட்பார். “கூட்டத்துக்குள்ள போனா மொதல்ல யார் யார் இருக்காங்கன்னு பாக்கணும் கோதண்டம். உடனே பேசக் கூடாது” என்பார். பிறகுதான் பென்சிலை எடுப்பார்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது: சொன்ன இடத்தில் நில். ஒரு கப்பலிடம் மூன்று மணிக்கு இந்த நம்பரில் சந்திக்கிறோம் என்று சொல்லிவிட்டால், மூன்று மணிக்கு அந்த நம்பரில் இருக்க வேண்டும். பத்து நிமிஷம் சத்தமில்லை என்று வேறு நம்பருக்குத் தாவக் கூடாது. நாம் அங்கே தாவிய நேரத்தில் அவன் இங்கே வந்து கூப்பிடுவான், நம்மைக் காணாமல் அவன் வேறொன்றுக்குத் தாவுவான், அப்புறம் இரண்டு பேரும் திருவிழாவில் தொலைந்த புருஷன் பெண்டாட்டி மாதிரி சுற்ற வேண்டியதுதான். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கடலில் இருந்த ஆபரேட்டர்களும் அதே பள்ளிக்கூடம்தான். நல்ல ஆபரேட்டர் என்றால் நகராத ஆபரேட்டர்.

நகராமல் உட்காருவதற்கு எங்கள் பேட்டை தோதான இடமில்லை. எண்ணூர் பக்கம் புதிதாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. மோட்டார் ஓடினால் ஹெட்போனில் மணலை வறுக்கிற சத்தம் வரும். எல்லாவற்றிலும் மோசமானது பக்கத்துத் தெரு ஐஸ் ஃபேக்டரி. மீன் பெட்டிகளுக்கு ஐஸ் கட்டி போடுகிற இடம். முதலாளி திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. முக்கியமான கப்பல் ஏதாவது மெலிதாகக் கேட்டால் நான் சைக்கிளில் போய், கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவேன்.

“வாரும்வே கோதண்டம். இன்னைக்கு எந்தக் கப்பலு?”

“பர்மாலேர்ந்து ஒண்ணு அண்ணாச்சி. சத்தம் ஈனஸ்வரத்துல வருது.”

“உம்ம கப்பலுக்கு சளி புடிச்சா எங்க ஐஸ் கட்டி எல்லாம் தண்ணியாப் போவணுமா? போம்வே, அஞ்சு நிமிசம் நிப்பாட்டுதேன். அதுக்கு மேல கேக்கப்பிடாது.”

அஞ்சு நிமிஷம் என்றால் அவர் மூன்று நிமிஷத்தில் மோட்டாரைப் போட்டுவிடுவார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். சூரியனில் புள்ளிகள் குறைந்துபோன வருஷங்கள் அவை. புள்ளி குறைந்தால் வலை எங்குமே கொஞ்சம் அகலமாகிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும், சார்ட்டிலும் அதைக் கழித்துத்தான் போடுவார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனைக்குக் கோதுமை ஏற்றிப்போன ஒரு சரக்குக் கப்பல் காலையில் பன்னெண்டாம் நம்பரில் எங்களைக் கூப்பிட்டது. இரண்டு கண்டத்துக்கும் நடுவில், எந்தக் கரைக்கும் பக்கமில்லாத இடத்தில் இருந்தது. எஞ்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற ஆரோக்கியம் என்பவருக்கு வயிற்று வலி, வாந்தி. ராயபுரத்துக்காரர். முந்தைய வருஷம் இங்கே வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர். அதனால்தான் கப்பல் கேப்டன் வேறு யாரையும் கேட்காமல் எங்களைக் கேட்டார்: வயிற்றை அறுத்த டாக்டரிடமே கேட்டுச் சொல்லுங்கள், ஆளைக் கப்பலிலேயே வைத்திருக்கலாமா, அருகிலுள்ள துறைமுகத்துக்குத் திரும்பட்டுமா?

தணிகாசலம் சார் கப்பல்காரனிடம் மூன்று மணிக்குப் பதில் தருவதாகச் சொல்லச் சொன்னார். எந்த நம்பரில்? நான் தை மாதத்துச் சார்ட்டை எடுத்துத் திருப்பினேன். வடக்கில் தை மாதத்துப் பகல் வானம் நல்ல கெட்டி. கோடையைவிடக் கெட்டி. ஏன் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது, சார்ட்டில் அப்படி இருந்தது. திருப்பிய தோசை, காலையில் பன்னெண்டு, மத்தியானத்துக்கு மேல் பதினாறு என்றது.

“பதினாறு சார். முறுகலா வந்துகீது” என்றேன்.

சார் சிரிக்கவில்லை, சார்ட்டை வாங்கி அவரும் பார்த்தார். தலையை ஆட்டினார். கப்பலுக்குச் சொன்னோம்: மூன்று மணி, பதினாறு. அவன், சரி, மூன்று மணி, பதினாறு என்று திருப்பிச் சொன்னான். அவன் கை தெளிவான கை. எழுத்துக்கு எழுத்து இடைவெளி ஒரே சீராக விடுவான்.

மத்தியானத்துக்குள் டாக்டரின் பதில் டெலிபோனில் வந்துவிட்டது. வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது, உடனே அருகிலுள்ள துறைமுகத்துக்குத் திரும்பு. சார் அதைத் தன் கையால் எழுதி என் மேசையில் வைத்தார்.

கப்பல் கம்பெனி ஏஜென்ட் சொல்லியனுப்பி ஆரோக்கியத்தின் மனைவி பிலோமினா வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும். கேட்டுக்குள் வெளியாட்கள் வரக்கூடாது என்பதால் பூவரச மரத்தடியில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“டாக்டர் இன்னா சொன்னாரு?”

“கப்பலைத் திருப்பச் சொல்லிட்டாருமா. மூணு மணிக்கு அவங்ககிட்ட சொல்லிடுவோம்.”

“மூணு மணிக்கா? இப்பவே சொன்னா இன்னாவாம்?”

“அங்க ஒரே ஒரு ஆபரேட்டர்மா. அவன் மூணு மணிக்குத்தான் உக்காருவான்.”

“ஒரே ஆளுதானா? அவன் சோறு துன்ன போனா கப்பலுக்குக் காது கேக்காதா?” என்றாள். பிறகு, “சரி சார். நான் இங்கயே குந்திகினு கீறேன். நீ போ” என்றாள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான் அண்ணாச்சியிடம் போனேன். இந்தத் தடவை பகடி பேசத் தோன்றவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, உள்ளே திரும்பி, “லேய், எல்லாத்தையும் நிப்பாட்டு” என்று கத்தினார்.

“எத்தனை நிமிஷம் அண்ணாச்சி?”

“அவன் பேசி முடிக்குத வரைக்கும் நிக்கட்டு. உருகினா உருகட்டு. மனுசன் வயிறுல்லா?”

மோட்டார் நின்றது. தெருவே காது செவிடானது போல் ஆனது. ஐஸ் ஃபேக்டரி ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து பார்த்தார்கள். ஏன் நின்றது என்று ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, தெரு முழுக்க யாரும் சத்தம் போடவில்லை. நான் ஓடிவந்து ஹெட்போனை மாட்டினேன். சார் எனக்குப் பக்கத்தில் இன்னொன்றை மாட்டியிருந்தார். அன்றைக்கு அவர் பஞ்சால் துடைக்கவில்லை.

அப்படி ஒரு சுத்தமான அமைதியை அந்த அறையில் நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. மணல் வறுக்கிற சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. பதினாறில் ஒரு ஈ கூடப் பறக்கவில்லை. ஒன்றும் இல்லாததை அவ்வளவு தெளிவாகக் கேட்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

கூப்பிட்டேன். நிறுத்திக் கேட்டேன். கூப்பிட்டேன். டாக்டரின் பதிலை அவன் கேட்கிறானோ இல்லையோ என்று மூன்று முறை முழுதாக அனுப்பினேன். அவனுக்கு நம் சத்தம் கேட்கலாம், நமக்கு அவன் சத்தம் கேட்காமலிருக்கலாம், அப்படியும் நடப்பதுண்டு.

கால் மணி போன பிறகு சொன்னேன், “சார், ஒரு தபா பன்னெண்டு பாத்துட்டு வந்துடலாமா?”

பன்னெண்டுக்குப் போவதென்றால் ஊருக்கு வெளியே இருந்த டிரான்ஸ்மிட்டர் நிலையத்துக்குப் போன் செய்து, அங்கே கருவியைத் திருத்தச் சொல்லி, அது சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்கப் பதினாறில் எங்கள் குரல் இருக்காது.

“நாம அங்க போற நேரத்துல அவன் இங்க வந்துட்டா?” என்றார் சார். “சார்ட் பதினாறு சொல்லுது. அவன்கிட்டயும் பதினாறு சொல்லியிருக்கோம். நில்லுங்க கோதண்டம்.”

அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. நின்றேன். சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பென்சில் கையில் இருந்தது. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி மேசைக்கு வந்து, தரைக்கு வந்தது. வெளியே அண்ணாச்சியின் வாசலில் ஐஸ் உருகிய தண்ணீர் சாக்கடை வழியாக எங்கள் கேட் வரை வந்துவிட்டது என்று காவல்காரர் வந்து சொன்னார். பிலோமினா காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அந்தக் கப்பல்காரனின் வேலை நேரம் முடிகிற வரை உட்கார்ந்தோம். அதற்கப்புறமும் உட்கார்ந்தோம்.

எங்கள் பதில் போகாமல் இல்லை. மூன்று தடவையும் போனது. அகலக் கண்ணி வழியாகத் தெற்கு வானத்தைத் தாண்டி, நட்சத்திரங்களுக்குப் போனது. வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது, உடனே திரும்பு.

மறுநாள் காலையில் கப்பல் பன்னெண்டில் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னல் வழியாகக் கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு சத்தம். அவன் கேட்ட முதல் கேள்வி: நேற்று மூன்று மணியிலிருந்து பதினாறிலேயே இருந்தேன், நீங்கள் எங்கே போனீர்கள்? நான் அதை எழுதிவிட்டு சாரைப் பார்த்தேன். அவர் படித்தார். “அவனும் நின்னுருக்கான்” என்று மட்டும் சொன்னார்.

டாக்டரின் பதிலை அனுப்பினோம். கப்பல் திரும்பியது. ஆனால் முந்தைய பகலும் இரவும் அது எதிர்த்திசையில் போயிருந்தது. அந்தக் கடலில் ஆடி மாதம் அலை கப்பலைவிட உயரம்.

தந்தி மொழியில் செய்தி ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். சாதாரண மனிதர்கள் கெட்ட செய்தியை ஒரே அடியாக வாங்குவார்கள், எங்களுக்கு அது சொட்டுச் சொட்டாக வரும். இரண்டு நாள் கழித்து அந்தத் தெளிவான கை மறுபடி வந்தது. முதல் எழுத்து ஆர். அடுத்தது ஈ. ‘ரிப்ளை’ என்று இருக்கட்டும், ‘ரிக்வெஸ்ட்’ என்று இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாவது எழுத்து ஜி வந்தது. ‘வருந்துகிறோம்’ என்கிற ‘ரிக்ரெட்’ தவிர வேறு எதுவும் அங்கே வராது. மீதி எழுத்துகளைக் கை தானாக எழுதியது. துறைமுகம் கண்ணுக்குத் தெரியும் முன்பே ஆரோக்கியம் போய்விட்டார். கடலிலேயே அடக்கம் செய்தார்கள்.

பிலோமினாவிடம் சொல்ல தணிகாசலம் சாரே கேட்டுக்குப் போனார். சட்டைக் கை மடிப்பை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு போனார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஐஸ் ஃபேக்டரி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் முன்னால் திரும்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று சார் டாக்டரைக் கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பதிலை சார் பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வது போலத்தான் சொல்வார்.

அதன் பிறகு எங்கள் அறையில் தோசை கிடையாது. சார் தெற்கே போகிற ஒவ்வொரு கப்பலிடமும் எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த நம்பரில் எங்களைக் கேட்டது என்று விசாரிக்க ஆரம்பித்தார். சந்திப்பு வைத்தாலும் ஒரு நம்பரில் வைப்பதில்லை: முதல் கால் மணி இதில், கேட்காவிட்டால் அடுத்த கால் மணி அதில், இரண்டு பேருமே நகர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம். அவர் தன் கொள்கையைத் தானே உடைத்த மாதிரி எங்களுக்குத் தோன்றியது. அவர் அப்படிச் சொல்லவில்லை. “சொன்ன எடத்துலதான் நிக்கிறோம். ரெண்டு எடம் சொல்லியிருக்கோம்” என்றார்.

சில ஆடிகளும் சில தைகளும் போன பிறகு விஷயம் கொஞ்சம் விளங்கியது. தை மாதத்தில் தெற்கு வானம் நாங்கள் நினைத்ததைவிடக் கெட்டி. ஆடி மாதத்தில் நாங்கள் நினைத்ததைவிட மெலிசு. அதாவது உலகம் பூராவும் வானம் தையில் பருத்து ஆடியில் இளைக்கிறது. வடக்கின் குளிர்காலத்துக்கு அந்தப் பருமன் சேர்கிறது, தெற்கின் குளிர்காலத்துக்குச் சேர்வதில்லை. தை மாதத்தில் பூமி சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டே இருப்பது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் போதாது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். வானத்தின் நடுக்கோடும் வரைபடத்தின் நடுக்கோட்டில் இல்லை. அந்த அடுக்கு பூமியின் காந்த நடுக்கோட்டைப் பார்த்துத்தான் நடக்கிறது; காந்த ஊசி சாயாமல் படுக்கையாக நிற்கிற அந்தக் கோடு நம் நாட்டின் தென்கோடிக்கு மேலேயே போகிறது. திருப்புவதற்கு மடிக்க வேண்டிய இடத்தில் நாங்கள் மடிக்கவே இல்லை.

இத்தனை வருஷம் ஏன் தெரியாமல் போனது? தை மாதத்தில் எங்கள் தப்பு எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. வலை கெட்டியாக இருக்கும்போது அதைவிடப் பெரிய மீனை அனுப்பினால் அது எப்படியும் திரும்பி வரும், கொஞ்சம் களைத்து வரும், அவ்வளவுதான். தப்பு கடித்தது ஆடியில் மட்டும். ஆடியில் அந்தக் குளிர்க் கடலுக்குப் போகிற கப்பல்கள் குறைவு. சத்தம் வராவிட்டால் கப்பல்காரன் தூங்கிவிட்டான் என்று எழுதிவைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம்.

சார் இதையெல்லாம் மேலே எழுதி அனுப்பினார். நன்றி, கப்பல்களின் தகவல் போதாது என்று பதில் வந்தது. அவர் ஓய்வு பெற்றார். வியாசர்பாடியில் மகள் வீட்டில் இருந்தார். நான் பார்க்கப் போனபோதெல்லாம் முதலில் கேட்டது, “ஆடில தெற்க எது கேக்குது?” அதைக் கேட்காமல் என் குடும்பத்தைக் கேட்ட நாளில் அவருக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது கம்ப்யூட்டர் சார்ட். அந்த ரகத்தின் முதல் சார்ட்டுகள் வந்தபோது நான் இன்னும் வேலையில் இருந்தேன். ஒரு தை, ஒரு ஆடி, மோசஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கப்பல்களோடு ஒத்துப் பார்த்தேன். குறை சொல்ல மாட்டேன். எங்கள் தோசையைவிட எவ்வளவோ மேல். தெற்கும் வடக்கும் வேறு வேறு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. தையில் பிரமாதம். ஆடியில், ஆஸ்திரேலியாப் பக்கம், ஆப்பிரிக்காப் பக்கம், தரை இருக்கிற இடத்துக்கு மேலே பரவாயில்லை. நட்ட நடுக் கடலில் மட்டும் இன்னும் அது மத்தியானத்துக்கு மேல் பதினாறு தாங்கும் என்று சில நாள் சொன்னது. கப்பல்கள் பன்னெண்டில்தான் கிடைத்தன.

“கம்ப்யூட்டர் தப்புப் போடுமாண்ணே?” என்றான் மோசஸ் அப்போது.

“தப்புப் போடலடா. அந்தக் கடல்ல அளக்கறதுக்கு ஆள் இல்ல, நிலையம் இல்ல, நிக்கறதுக்குத் தரையே இல்ல. இந்தக் கரைலயும் அந்தக் கரைலயும் தெரிஞ்சத வெச்சி நடுவுல கோட்ட இழுத்து உட்டுகீது.”

அதனால்தான் போன மாதம் அவன் விரித்த தாளில் அந்தக் கோடுகளின் அழகு என்னைக் கலக்கியது. நிலையங்கள் நெருக்கமாக இருக்கிற வடக்கில் கோடுகள் கொஞ்சம் நெளிந்து, கோணி, அசிங்கமாக இருக்கும். கேட்டு எழுதியவை அப்படித்தான் இருக்கும். வழுவழுப்பாக ஓடுகிற இடத்தில் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். தம்பிகளே, சார்ட்டை நம்புங்கள். கோடு ரொம்ப அழகாக இருக்கிற இடத்தில் மட்டும் இன்னொரு நம்பரும் சொல்லி வையுங்கள்.

இதெல்லாம் எனக்கு விளங்குவதற்கு முன்பே ஒருத்தி எனக்குச் சொல்லிவிட்டாள். அந்த ஆடிக்கு அடுத்து வந்த கல்லறைத் திருநாள் அன்று, ராயபுரத்துக் கிறிஸ்தவர்கள் எல்லாம் கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். பிலோமினாவுக்குப் போகக் கல்லறை இல்லை. காசிமேட்டுக் கரையில் கல்லைச் சுற்றிவைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, மெழுகுவத்தி அணைய அணைய ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரிப் போயிருக்கலாம். போய் நின்றேன்.

“நீதானே அந்த ஒயர்லெஸ்ஸு சாரு? குந்து” என்றாள். “எனுக்கு ஒண்ணு சொல்லு. அன்னிக்கு ஐஸ் கம்பெனியக் கூட நிறுத்துனாங்கோ. அப்புறமும் ஏன் கேக்கல?”

எனக்குத் தெரிந்த அரைகுறையைச் சொன்னேன். வானம், வலை, சின்ன மீன், பெரிய மீன். தெற்கு வானம் நம் வானம் மாதிரி இல்லை போலிருக்கிறது, எங்கள் சார்ட்டுக்கு அது தெரியவில்லை என்றேன். தோசையைச் சொல்லவில்லை. வலைக்காரக் குடும்பத்துப் பெண், கண்ணி விஷயம் சட்டென்று பிடிபட்டது.

“அப்ப அன்னிக்கு வேற நம்பர்ல கூப்ட்டிருந்தா கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்கலாம்மா. மறுநாள் காலைல அதுலதான் கேட்டுச்சு.”

“அப்ப அதுல கூப்டறதுதானே?”

“அவன் இங்க வந்து காத்திருப்பானேன்னு நாங்க நகரல. நாங்க அங்க இருப்போமேன்னு அவனும் நகரல.”

மெழுகுவத்தி அணைந்தது. அவள் இந்தத் தடவை ஏற்றவில்லை. தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“நீயும் நவுரல, அவனும் நவுரல. அத்த சொல்லு. வானத்த இன்னாத்துக்கு நடுவுல இஸ்துகினு வர்ற?”